கௌரிப் பாட்டி கொண்டு வந்த கடிதம்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, மணிமுத்தாற்றங்கரைப் பழமலைநாதர் கோயில். மற்றொன்று, பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் களிமண் இந்த ஊருக்கு வந்து பொம்மையாகவும், விளக்காகவும், மின்சாரப் பியூஸ் கட்டையாகவும் மாறுகிறது. விருத்தாசலத்திலும் அதை அடுத்த நல்லூர் வட்டாரக் கிராமங்களிலும் இந்தத் தொழிலை அறியாதவர்கள் குறைவு.

அந்தத் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. காய்ந்த பொம்மை உடைந்தால் கவலை இல்லை. தண்ணீரில் ஊறப் போட்டு, மறுபடி பிசைந்து, வேறு பொம்மை செய்துவிடலாம். சூளையில் வெந்த பொம்மை உடைந்தால் உடைந்ததுதான். அதை எந்தத் தண்ணீரும் பழைய மண்ணாக்காது.

கணவனை இழந்த பெண்ணைப் பற்றி நம்மவர்களில் ஒரு சாரார் நெடுங்காலம் வைத்திருந்த எண்ணமும் இதுதான். தாலி ஏறிய அன்றே அவள் சூளையில் வெந்துவிட்டாள், உடைந்த பிறகு ஒட்டாது, மூலையில் வைத்துவிடு! மண்ணைப் பற்றி இது சரிதான். மனுஷியைப் பற்றியும் சரிதானா?

இந்தக் கேள்வியைத் தமிழ்க் கதைகளில் துணிந்து கேட்டவர்களில் மூன்று பேர் இந்தத் தென்னார்க்காட்டு மண்ணோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பது வேடிக்கையான ஒற்றுமை. புதுமைப்பித்தன் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அவருடைய இயற்பெயரே விருத்தாசலம்! ஜெயகாந்தன் 1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். மூன்றாமவர் இமையம், விருத்தாசலம் பக்கத்துக்காரர், 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி பரிசு பெற்றவர். மூவரும் மூன்று காலத்தவர்கள். மூவரும் கைம்பெண்ணின் இரண்டாவது காதலைப் பற்றி எழுதினார்கள். மூன்று கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரு நூற்றாண்டில் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும், எந்த இடத்தில் இன்னும் தயங்கி நிற்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

நெய்வேலியிலிருந்து ஒரு பஸ்

நடுவில் உள்ள கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதுதான் வாசகர்கள் பலருக்கும் தெரிந்தது. ஜெயகாந்தன் 1960-களில் எழுதிய 'யுகசந்தி'.

நெய்வேலியிலிருந்து கடலூருக்கு வருகிற பஸ்ஸிலிருந்து கௌரிப் பாட்டி இறங்குகிறாள். தலை மழித்து, நார்மடி உடுத்தும் பழைய காலத்துக் கைம்பெண். அவளுடைய பேத்தி கீதாவும் கைம்பெண்தான். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் கணவனை இழந்தவள். பாட்டி தன் தலைவிதி பேத்திக்கும் வரக்கூடாது என்று அவளைப் படிக்க வைக்கத் துணை நின்றாள். கீதா உபாத்தியாயினியாகி நெய்வேலியில் வேலைக்குப் போனாள். பாட்டியும் அவளுக்குத் துணையாக அங்கே போய் இருந்தாள். இப்போது பாட்டி கொண்டு வந்து மகன் கணேசையரிடம் கொடுக்கும் கடிதத்தில், தன்னோடு வேலை செய்யும் ஹிந்தி பண்டிதரை மணந்துகொள்ளப் போவதாகக் கீதா எழுதியிருக்கிறாள்.

வீட்டில் புயல். தகப்பனார் மகளைத் தலைமுழுகத் தயாராகிறார். ஆனால் கதையின் உயிர் தகப்பனாரிடம் இல்லை. ஆசாரத்தின் ஒரு கடுகைக் கூட விடாமல் ஆயுள் முழுவதும் சுமந்த அந்தக் கிழவியிடம் இருக்கிறது. மகன் பக்கம் நிற்பாள் என்று நாம் எதிர்பார்க்கும் பாட்டி, பேத்தியோடு இருக்கப் புறப்பட்டு விடுகிறாள். மறுபடியும் பஸ், மறுபடியும் நெய்வேலி!

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கீதாவின் காதல் ஏன் நெய்வேலியில் மலர்கிறது? கடலூரில் ஏன் மலரவில்லை? நெய்வேலி நிலக்கரிக் கார்ப்பரேஷன் ஏற்பட்டது 1956-ல். பழைய கிராமங்கள் நகர்த்தப்பட்டு, நாலா திசையிலிருந்தும் வந்தவர்கள் குவார்ட்டர்ஸில் குடியேறிய புத்தம் புதிய ஊர் அது. அங்கே அக்கிரகாரத் திண்ணை கிடையாது. "இன்னார் பெண், இன்னார் பெண்டாட்டி, இன்ன வருஷம் அறுத்தவள்" என்று ஜாதகம் சொல்லும் கண்கள் கிடையாது. ஒரு பெண் காலையில் பள்ளிக்கூடம் போய் மாலையில் திரும்பி வந்தால் அவள் 'டீச்சர்'தான். துக்கத்திலிருந்து எழுந்திருப்பதற்கு மனத்திடம் மட்டும் போதாது, ஐயா! தன்னைத் தெரியாத நாலு பேர் நடுவே கொஞ்ச காலம் வாழ்வதும் வேண்டியிருக்கிறது. ஜெயகாந்தன் அதை உபதேசமாகச் சொல்லவில்லை. பஸ்ஸை ஓடவிட்டுச் சொல்லிவிட்டார்.

அந்த பஸ் போகும் வழியில்தான் வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1871-ல் தம் அன்பர்களுக்கு விடுத்த கட்டளையில், கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்றார். அதே மூச்சில், மனைவி இறந்தால் கணவன் வேறு கல்யாணம் செய்துகொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். மறுமணத்துக்கு அவர் வழி திறக்கவில்லை என்று நவீனர்கள் குறை கூறலாம். ஆனால் அவர் செய்த காரியம் வேறு. துக்கத்தை இருபாலாருக்கும் ஒரே தராசில் நிறுத்தார். அந்தக் காலத்தில் அதுவே யாரும் செய்யாத காரியம்.

அனுமதிச் சீட்டு

கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் அனுமதித்தது 1856-ல். கதைகள் அனுமதித்தது அதற்கு வெகு காலத்துக்குப் பிறகு.

அ. மாதவையா 1892-ல் 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரியின் கதை' என்று ஆரம்பித்தார். கதை பாதியில் நின்றுவிட்டது. 1903-ல் அதையே 'முத்துமீனாட்சி' என்ற நாவலாக வெளியிட்டார். சிறு வயதிலேயே கைம்பெண்ணான ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். முடிவில் மறுமணம் நடக்கிறது. அந்த நாளில் இதை அச்சுக் கோத்தவருக்குக் கூடக் கை நடுங்கியிருக்கும்!

பாரதியாரின் 'சந்திரிகையின் கதை' இன்னும் ருசிகரமானது. சாகும் தறுவாயில் இருக்கும் கோமதி, தன் நாத்தனாரான இளம் விதவை விசாலாட்சியிடம் குழந்தையை ஒப்படைக்கிறாள். அத்துடன் நிற்கவில்லை. "நீ மறுபடி கல்யாணம் செய்துகொள்" என்ற கருத்தையும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். மறுமணத்துக்கு உதவி கேட்டுப் போக வேண்டிய இடங்களாகக் கதையில் வருகிறவர்கள் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். வீரேசலிங்கம் பந்துலுவும் 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயரும்! நிஜ மனிதர்களையே கதைக்குள் நடமாட விட்டார் பாரதியார். காரணம் இருந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889-ல் கைம்பெண்ணான தம் மகளுக்கே பம்பாயில் மறுமணம் செய்து வைத்தவர். அதற்காக உற்றார் உறவினர் அவரை ஒதுக்கி வைத்தார்கள். ஈரோட்டில் பெரியார் 1909-ல் தம் தங்கை மகளுக்கு மறுமணம் செய்து வைத்தபோதும் அதே கதைதான். 'சந்திரிகையின் கதை' முடியவில்லை; 1921-ல் பாரதியார் காலமாகிவிட்டார்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் நாம் கடன்பட்டவர்கள். ஆனாலும் ஒரு விஷயத்தை மறைப்பதற்கில்லை. இவற்றில் பெண்ணின் மனம் பேசுவதை விட, பெரியவர்களின் அனுமதிதான் அதிகம் பேசுகிறது. சாஸ்திரம் இடம் கொடுக்குமா? ஊர் ஒப்புமா? சட்டம் என்ன சொல்கிறது? இவ்வளவுக்கும் பதில் கிடைக்கிறது. அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்ற கேள்வி, பந்தியில் கடைசியாக உட்காரும் பெண்களைப் போலக் கடைசியில் வருகிறது. சில சமயம் வருவதே இல்லை.

"உன் தியாகம் எனக்கு வேண்டாம்"

இந்த இடத்தில்தான் புதுமைப்பித்தன் குறுக்கே வந்து நிற்கிறார். சொ. விருத்தாசலம் ஊர்ப் பெயருக்கு ஏற்ற முதிர்ந்த மனிதர் அல்லர். இளமையின் சூடு மிகுந்த எழுத்தாளர்.

'வாடாமல்லிகை' என்ற அவருடைய சிறுகதையில் ஸரஸு என்றொரு இளம் விதவை வருகிறாள். அவளிடம் மனம் பறிகொடுத்த ஓர் இளைஞன், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்கிறான். அந்தக் காலத்துச் சீர்திருத்தக் கதையாக இருந்தால் இங்கே மேளம் கொட்டியிருக்கும். ஸரஸுவோ மறுத்துவிடுகிறாள். அவன் கொடுப்பது காதல் அல்ல, தியாகம் என்பது அவளுக்குத் தெரிந்துபோகிறது. அவள் கேட்பது தன்னைப் பெண்ணாகப் பார்க்கும் ஒருவனை. அவன் தருவதோ தன்னை உத்தமனாகக் காட்டிக்கொள்ள ஒரு சந்தர்ப்பத்தை. மறுநாள் அவள் உடல் கிணற்றில் மிதக்கிறது.

கொடூரமான முடிவு என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் புதுமைப்பித்தன் அந்தச் சில பக்கங்களில் சொன்னதைப் பிரசங்க மேடைகள் பல ஆண்டுகளில் சொல்லவில்லை. "பாவம், விதவைக்கு வாழ்வு கொடுத்தார்" என்று இன்றும் கல்யாண வீடுகளில் ஒரு பேச்சு கேட்கிறதல்லவா? 'வாழ்வு கொடுத்தார்!' அவளிடம் அதற்கு முன்பு வாழ்வே இருக்கவில்லை போலவும், அவர் அதைப் பையில் போட்டு எடுத்து வந்தவர் போலவும்! அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஸரஸுவின் ஞாபகம் வரும்.

துக்கம் யாருடையது?

காதல் இருக்கட்டும். முதலில் அந்தப் பெண்ணுக்குத் துக்கப்பட உரிமை இருந்ததா என்று கேட்டால் சிரிப்பீர்கள். துக்கத்தைத் தவிர வேறென்ன வைத்திருந்தோம் அவளுக்கு என்பீர்கள்.

அங்கேதான் சூட்சுமம். வெள்ளைப் புடைவை, ஒரு வேளைச் சோறு, பாயில்லாத தரை, மங்கல காரியங்களில் மூலை. இவை துக்கத்தின் அடையாளங்கள், துக்கம் அல்ல. புறநானூற்றிலேயே பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மை நோன்பின் வேளைக் கீரையையும் பருக்கைக் கல் படுக்கையையும் எண்ணிப் பார்த்து, அதைவிடச் சிதைத் தீயே மேல் என்று போனாள். உலகம் ஒரு துக்க வேஷத்தைத் தைத்து வைத்திருந்தது. கணவனை உயிராக நேசித்தவளுக்கும் அதே அளவு. அவன் முகத்தையே சரியாகப் பார்த்திராத பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் அதே அளவு. அவளுடைய சொந்தத் துக்கம் எவ்வளவு, அது எப்போது தணிந்தது என்று கேட்பார் இல்லை. ஆயுளுக்கும் கழற்ற முடியாத வேஷத்துக்குள்ளே நிஜமான அழுகைக்கும் இடம் கிடையாது; நிஜமான சிரிப்புக்கும் இடம் கிடையாது.

இதைத் தொட்ட பழைய கதைகளில் தலைசிறந்தது கு. ப. ராஜகோபாலனின் 'விடியுமா?' என்பது என் அபிப்பிராயம். கணவனுக்கு உடம்பு அபாயம் என்று சென்னையிலிருந்து தந்தி வருகிறது. தம்பியோடு கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் புறப்படுகிறாள் அவள். இரவு முழுவதும் பயமும் பிரார்த்தனையும் பழைய கசப்புகளும் மாறி மாறி வருகின்றன. சென்னை வந்து சேர்ந்து, நடந்துவிட்டது என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி போன்ற அமைதி அவள் மேல் கவிகிறது. அதைத் தப்பென்று கு. ப. ரா. சொல்லவில்லை; சரியென்றும் சொல்லவில்லை. மனம் இப்படியும் இருக்கும் என்று காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். 1944-லேயே மறைந்துவிட்ட மனிதர், எவ்வளவு தைரியம் பாருங்கள்!

ஆண்பிள்ளையின் சமாசாரம் நேர் எதிர். மனைவி இறந்த சூடு ஆறுவதற்குள் "குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?" என்று பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அவருக்கும் அழ நேரம் கொடுப்பதில்லை! அதை யாரும் அநியாயம் என்று நினைப்பதும் இல்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் கைம்பெண்கள் 4 கோடிக்கு மேல். மனைவியை இழந்த ஆண்களோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், கணவனுக்கு வயது கூடுதல் என்ற காரணங்கள் உண்டு. ஆண் சுலபமாக மறுபடி கட்டிக்கொள்கிறான் என்பதும் ஒரு காரணம்.

கடல் கடந்த கதை

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் இப்போது எழுதிவரும் காதல் நாவல்களைப் பார்ப்பது பயன் தரும். அங்கே 'இரண்டாவது வாய்ப்பு' என்றே ஒரு தனி வகைக் காதல் கதை இருக்கிறது. பிரிந்தவர் கூடுவது, இழந்தவர் மறுபடி நேசிப்பது, இரண்டும் அதில் அடக்கம்.

கென்னடி ரயன் 2022-ல் வெளியிட்ட 'பிஃபோர் ஐ லெட் கோ' என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். அட்லாண்டா நகரில் உணவு விடுதி நடத்தும் தம்பதிகள். வயிற்றிலிருந்த குழந்தை இறந்து போகிறது. வளர்த்த அத்தையும் மறைகிறாள். அவன் துக்கத்தை வேலையில் புதைக்கிறான். அவளோ படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கிறாள். விவாகரத்து ஆகிவிடுகிறது. ஆனால் விடுதி ஒன்று, பிள்ளைகள் இருவருக்கும் பொது. தினமும் முகம் பார்த்தாக வேண்டும். இரண்டு பேரும் மனநல வைத்தியரிடம் போகிறார்கள். சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். பிறகுதான் ஒருவரையொருவர் மறுபடி பார்க்கிறார்கள். கதையில் வில்லன் கிடையாது. துக்கம்தான் வில்லன். அதுவும் தோற்று ஓடுவதில்லை. வீட்டில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு அமைதியாக இருக்கச் சம்மதிக்கிறது.

வெறும் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அடிமை முறை இருந்த காலத்தில் அந்த மக்களின் கல்யாணத்துக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. புருஷனை ஓர் ஊருக்கும் பெண்டாட்டியை இன்னோர் ஊருக்கும் விற்றுவிடுவார்கள். 1865-ல் விடுதலை கிடைத்ததும் அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. "இன்ன வருஷம் இன்ன எஜமானரிடம் விற்கப்பட்ட என் மனைவியைத் தேடுகிறேன்" என்கிற மாதிரி விளம்பரங்கள்! பல்லாண்டுகளுக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. சில ஜோடிகள் கூடினார்கள். மிகப் பலர் கூடவில்லை. இழந்ததைத் தேடுவதும், கிடைக்காதபோது மறுபடி வாழத் துணிவதும் அந்தச் சமூகத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது. அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வாழ்க்கையைக் காதல் நாவல்களாக்கிப் புகழ் பெற்றவர் பெவர்லி ஜென்கின்ஸ்.

இவ்வளவு எழுதியும், அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் 'ரீட்டா' பரிசு ஒரு கறுப்பின எழுத்தாளருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 2019-ல்தான். அந்த வருஷம் பெற்ற இருவரில் ஒருவர் மேலே சொன்ன கென்னடி ரயன். கறுப்பினப் பெண்ணைக் கதைகளில் பிறர் துக்கத்தைச் சுமக்கும் ஆயாவாக வைத்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அவளே அழுது, அவளே தேறி, அவளே காதலிக்கப்படும் கதை உறைப்பதற்கு நாளாயிற்று. நம் ஊர்க் கதையும் ஏறக்குறைய இதுதானே? கூட்டுக் குடும்பத்தில் யாருக்குப் பிரசவமானாலும் முதுகொடிய உழைத்த வெள்ளைப் புடைவை அத்தைகளை நாம் அறியோமா? அவர்கள் மனசில் என்ன இருந்தது என்று யார் கேட்டோம்?

வெள்ளித்திரையின் தயக்கம்

நம் சினிமா இந்த வாசலில் வந்து பல தடவை நின்றிருக்கிறது. உள்ளே நுழையத்தான் தயக்கம். ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' 1959-ல் வந்தது. காதலியின் அக்காளை மணந்த பாஸ்கர், மனைவி இறந்த பிறகு கைக்குழந்தையோடு வருகிறான். அப்போதுதான் வசந்திக்கு வேறொருவருடன் கல்யாணம் முடிந்திருக்கிறது. குழந்தையைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். கொட்டகையே அழுதது. அதே ஸ்ரீதர் 1962-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எடுத்தார். உயிருக்குப் போராடும் கணவன், தான் இறந்தால் பழைய காதலனான டாக்டரையே மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அந்தச் சொல்லே அன்றைக்குப் புரட்சி. ஆனால் கணவன் பிழைக்கிறான், டாக்டர் இறக்கிறார், பிரச்சினை தீர்ந்தது! இரண்டாவது வாய்ப்பை நினைக்கலாம், அடையக்கூடாது என்பது அந்தக் காலத்து எழுதாத விதி போலும்.

நாவலில் அந்த விதியை உடைத்தவர் தி. ஜானகிராமன். 1966-ல் வந்த 'அம்மா வந்தாள்' என்றதும் எல்லோரும் அலங்காரத்தம்மாளைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கதையில் இந்துதான் பெரியவள். வேதபாடசாலையில் வளர்ந்த இளம் விதவை. அப்புவின் மேல் உள்ள ஆசையை ஒளிக்காமல் சொல்கிறாள். கடைசியில் அவன் அவளிடமே திரும்பி வந்துவிடுகிறான். அங்கே தியாகமும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை. காவிரி மாத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

திரைப்படத்தில் துக்கத்துக்கும் இரண்டாவது காதலுக்கும் சரியாசனம் கிடைக்க 1986 ஆக வேண்டியிருந்தது. மணிரத்னத்தின் 'மௌன ராகம்' படத்தில் திவ்யா இறந்துபோன காதலனை நெஞ்சில் வைத்துக்கொண்டே கணவன் வீட்டுக்கு வருகிறாள். கணவன் அவசரப்படவில்லை, அந்தப் பொறுமைதான் கதை. 2013-ல் வந்த 'ராஜா ராணி'யில் கணவன், மனைவி இருவருக்குமே பழைய இழப்பு உண்டு. முக்கியமாக அதில் ஓர் ஆண்பிள்ளை, விபத்தில் இறந்த மனைவிக்காக வெட்கமில்லாமல் அழுகிறான். தியேட்டரில் விசில் அடித்த பையன்கள் அந்தக் கட்டத்தில் சும்மா இருந்தார்களாம். சந்தோஷமான செய்தி!

கிராமத்துக்குத் தெரிந்தது

இதுவரை சொன்ன கதைகள் பெரும்பாலும் அக்கிரகாரத்தையும் மேல்தட்டு வீடுகளையும் சுற்றியவை. நல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நாலு பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டால், "இதென்ன அதிசயம்?" என்பார்கள். உழைத்துச் சாப்பிடும் பல சாதிகளில் 'அறுத்துக் கட்டுவது' தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். புருஷன் செத்தால் கொஞ்ச நாள் கழித்து இன்னொருவனைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகவேண்டியதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு குடும்பம் கொஞ்சம் வசதியாகி, பெரிய சாதிக்காரர்களைப் போல நடக்க ஆசைப்பட்டதும் முதலில் நிறுத்தியது இந்த வழக்கத்தைத்தான்! மேலே ஏறுவதற்கு வீட்டுப் பெண்ணின் இரண்டாவது வாழ்க்கையைப் படியாகப் போட்டார்கள்.

இமையம் 2015-ல் எழுதிய 'எங் கதெ' என்ற குறுநாவல் இந்த வட்டாரத்துப் பேச்சிலேயே ஓடுகிறது. விநாயகம் என்ற கல்யாணமாகாத ஆள் தன் கதையைத் தானே சொல்கிறான். கணவனை இழந்து, இரண்டு பெண் குழந்தைகளோடு பள்ளிக்கூட ஆபீஸில் வேலைக்கு வரும் கமலாவின் மேல் அவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. வருஷக்கணக்கில் நீடிக்கும் உறவு. பிறகு அவளுக்கு வேறொருவருடன் தொடர்பு என்று தெரிந்ததும் கொதிக்கிறான், கத்தியைத் தூக்குகிறான், கடைசியில் விட்டுவிட்டுப் போகிறான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம், கமலா யாருடைய இரக்கத்துக்கும் காத்திராததுதான். சம்பளம் வாங்குகிறாள், பிள்ளைகளை வளர்க்கிறாள், வேண்டியதை வேண்டுமென்கிறாள், வேண்டாததை வேண்டாமென்கிறாள். துக்கப்பட்டு அலைகிறவன் ஆண்பிள்ளை! புதுமைப்பித்தனின் ஸரஸு கிணற்றில் விழுந்தாள். ஜெயகாந்தனின் கீதாவுக்குப் பாட்டி துணைக்கு வந்தாள். கமலாவுக்குக் கிணறும் வேண்டியிருக்கவில்லை, பாட்டியும் வேண்டியிருக்கவில்லை. அவள் செய்வதெல்லாம் நல்லதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இரண்டாவது முறை காதலிக்கிற ஆண் நல்லவனா கெட்டவனா என்று நாம் விசாரணைக் கமிஷன் வைத்ததில்லையே?

ஆனால் ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். கமலாவின் கதையையும் விநாயகமே சொல்கிறான். அவள் கணவனை நினைத்து எந்த இரவில் அழுதாள், எப்போது அழுகை நின்றது என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் நமக்கும் தெரியாது. அமெரிக்கப் பெண்கள் பக்கம் பக்கமாக எழுதுவது அந்த இரவுகளைப் பற்றித்தான். 1903-ல் முத்துமீனாட்சி தன் கதையைத் தன் வாயால் சொன்னாள். எழுதிக் கொடுத்தவர் ஆண்பிள்ளை. பீங்கான் பட்டறையில் பொம்மைக்குக் கண் எழுதிவிட்டு வீடு திரும்பும் ஒரு நல்லூர்க் கைம்பெண், தன் இரண்டாவது காதலைத் தானே எழுதும் நாவல் வந்தால் நான் முதல் பிரதி வாங்கத் தயார்.

சர்க்கார் தன் பங்குக்கு எப்போதோ ஆரம்பித்துவிட்டது. டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் விதவை மறுமண உதவித் திட்டம் 1975-லிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் தாலிக்கு 8 கிராம் தங்கமும், 25 ஆயிரம் ரூபாயும், பட்டம் பெற்றவளாக இருந்தால் 50 ஆயிரமும் அதன்படி கொடுத்து வந்தார்கள். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய காகிதங்களில் இரண்டு: ஒன்று விதவைச் சான்றிதழ், மற்றொன்று மறுமண அழைப்பிதழ். குமாஸ்தா அந்த இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஒரே குண்டூசியில் குத்தி, கட்டில் சேர்த்துவிடுகிறார்.